முந்தும் குதிரையும் மூன்றிடக் கணக்கும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

இசையும் நாடகமும் காண வந்திருக்கும் அவையில் கணக்குப் பேசுவது சற்றே துணிச்சலான செயல். அதிலும் குதிரைப் பந்தயக் கணக்கைப் பேசப் போகிறோம் என்றால், "தமிழ் வளர்க்கும் மேடையில் இதற்கென்ன வேலை?" என்று தாய்மார்கள் புருவம் நெரிப்பது இயல்பே. ஆயினும் நம் குடியிருப்புகளில் இப்பேச்சு நுழையாத மாடிப்படி இல்லை என்பதை அவர்களே நன்கு அறிவர். கார்காலத்தில் புனேயிலும் பனிக்காலத்தில் மகாலட்சுமியிலும் பந்தயப் பருவம் மாறிமாறி நடக்கிறது. மகாலட்சுமித் திடல் 1883-ஆம் ஆண்டிலேயே அமைந்தது. பிழைப்பைத் தேடி இந்நகருக்கு வந்த நம் முன்னோருள் ஆலையில் உழைத்தவரும், அலுவலகத்தில் எழுதியவரும், அத்திடலின் வேலியைக் கடந்துதான் நாள்தோறும் ரயிலில் சென்றிருப்பர். வேலிக்கு உள்ளே சென்றவரும் உண்டு.

உள்ளே செல்வோர் இரு வகையினர். ஒரு குதிரை முதலாவதாக வரும் என்று பணம் கட்டுவோர் ஒரு வகை; இதனை 'வின்' என்பர். முதல் இரண்டு அல்லது மூன்று இடங்களுள் ஒன்றில் வந்தால் போதும் என்று கட்டுவோர் மற்றொரு வகை. இதனைப் 'பிளேஸ்' என்பர். எத்தனை இடங்களுக்குப் பணம் உண்டு என்பது ஓடும் குதிரைகளின் தொகையைப் பொறுத்தது. இவ்விரண்டாம் வகையினர் தம்மைச் சூதாடிகள் என்று எண்ணுவதே இல்லை. "அண்ணே, எல்லாரும் நம்புகிற பேவரிட் குதிரை; அது முதல் மூன்றில் வந்தால் போதும். போட்ட பணம் எங்கே போய்விடும்?" என்று கேட்பர். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இந்தக் கேள்விதான். பணம் எங்கே போகிறது என்பதற்குத் திட்டமான விடை உண்டு. அவ்விடை ஒழுக்க நூலில் மட்டுமன்றி, எண்ணிலும் இருக்கிறது. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை இங்கே ஓதப் போவதில்லை. ஓதியும் கேளாதவர்களுக்காகத்தான் இக்கணக்கு.

குதிரையையும் எண்ணையும் ஒருசேரப் பேசும்போது நளன் கதை நினைவுக்கு வராமல் இராது. சூதில் நாடிழந்த நளன் வாகுகன் என்னும் பெயரில் இருதுபன்னனின் தேர்ப்பாகனாகி, விதர்ப்ப நாட்டை நோக்கித் தேரைச் செலுத்துகிறான். அவ்விதர்ப்பம் இன்று நாம் வாழும் இம்மராட்டிய மாநிலத்தின் ஒரு பகுதியே. வழியில் ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் இருதுபன்னன் நொடியில் எண்ணிச் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்க, தொகை பொருந்துகிறது. நளன் குதிரை நூலைத் தர, இருதுபன்னன் எண்ணும் சூதும் அடங்கிய மறைநூலைத் தருகிறான். அதன் பின்னரே கலி நளனை விட்டு அகல்கிறான். குதிரையின் நெஞ்சறிந்தவனுக்கும் எண்ணின் நெஞ்சறியாததால்தான் நாடு போயிற்று என்பது அக்கதையில் நாம் காணும் நுட்பம்.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒரு குதிரை முதலாவதாக வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று எப்படி அறிவது? குதிரையின் குலம், வயது, சுமக்கும் எடை, ஓட்டுபவரின் திறன், தரையின் ஈரம் ஆகிய அனைத்தையும் ஆராய்வோர் உண்டு. ஆனால் யார்க்கும் கைக்கு எட்டும் எளிய வழி ஒன்றிருக்கிறது. பந்தயம் கட்டும் கூட்டம் தன் பணத்தை எந்த விகிதத்தில் பிரித்துக் கட்டியிருக்கிறது என்று பார்ப்பதே அவ்வழி. 'டோட்' என்று நம்மவர் வழங்கும் பொது நிதி முறையில், கட்டிய பணம் முழுதும் ஒரே தொகுப்பாகிறது. கழிவு போக எஞ்சியதை வென்றவர்கள் பகிர்ந்துகொள்கின்றனர். இதற்கான தானியங்கிப் பொறியை ஜார்ஜ் ஜூலியஸ் என்பார் உருவாக்க, அது 1913-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் முதன்முதல் நிறுவப்பட்டது. அவர் அப்பொறியைத் தேர்தல் வாக்குகளை எண்ணவே முதலில் வடித்தார் என்பதும், அதனை ஏற்பார் இல்லாமற் போகவே பந்தயத் திடலுக்குத் திருப்பினார் என்பதும் சுவையான செய்திகள்.

ஒரு பந்தயத்தில் ரூ. 1,00,000 சேர்ந்து, அதில் ரூ. 40,000 ஒரே குதிரையின் மேல் கட்டப்பட்டிருந்தால், கூட்டத்தின் மதிப்பில் அக்குதிரைக்கு நூற்றுக்கு 40 வாய்ப்பு உண்டு என்று கொள்ளலாம். இங்கே பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. கழிவு நூற்றுக்கு 20 என்று வைத்துக்கொண்டால், எஞ்சிய ரூ. 80,000 அக்குதிரைக்காரர்களுக்குச் சேரும். 10 ரூபாய்க்கு 20 ரூபாய் கிடைக்கும். பலகையில் 20 என்று கண்டவர், "பத்துக்கு இருபது, ஆகவே பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்று முடிவு செய்துவிடுகிறார். எல்லாக் குதிரைகளுக்கும் இவ்வாறே கணக்கிட்டுக் கூட்டினால் 100 வராது, 125 வரும். அந்த மிகுதி கழிவினால் விளைந்தது. எனவே கிடைத்த ஒவ்வோர் எண்ணையும் அக்கூட்டுத்தொகையால் வகுத்தாக வேண்டும். 50-ஐ 125-ஆல் வகுத்தால் பழைய 40 திரும்பக் கிடைக்கும்.

கூட்டத்தின் மதிப்பீடு அவ்வளவு பழுதானதன்று. பல நாட்டுப் பதிவுகளையும் நோக்கினால், பேவரிட் எனப்படும் குதிரை ஏறத்தாழ மூன்றில் ஒரு பந்தயத்தில் வெல்கிறது. அதாவது மூன்றில் இரண்டு முறை தோற்கிறது! "எல்லாரும் நம்புகிற குதிரை" என்பதன் பொருள் இவ்வளவே.

முதலிடத்து வாய்ப்பு 40 என்றால் முதல் மூன்றிடத்து வாய்ப்பு எவ்வளவு? மூன்றால் பெருக்கினால் 120 வருகிறது; நூற்றுக்கு 120 முறை எவரும் வெல்ல இயலாது. ஆகவே பெருக்கல் உதவாது. இக்கேள்விக்கு ஒழுங்கான விடை தந்தவருள் ஒருவர் டேவிட் ஹார்வில் என்னும் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர். 1973-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் கருத்து மிக எளியது. வேறொரு குதிரை முதலாவதாக வந்துவிட்டதென்று கொள்க. அதனைப் பட்டியலினின்றும் நீக்கிவிடுக. எஞ்சிய குதிரைகளுக்குள், அவற்றின் பழைய வாய்ப்புகளின் விகிதத்திலேயே, இரண்டாம் இடத்திற்குப் புதிதாய் ஒரு பந்தயம் நடப்பதாகக் கருதுக. அதிலும் ஒன்று வந்தபின் அதனையும் நீக்கி, மூன்றாம் இடத்திற்கு அவ்வாறே செய்க. இக்கருத்தின் வேர் 1959-இல் டங்கன் லூஸ் என்பார் மனிதரின் தேர்வு பற்றி எழுதிய நூலில் இருக்கிறது. பலவற்றை வரிசைப்படுத்தும் இக்கணிதம் பந்தயத்தோடு நின்றுவிடவில்லை. கடைப்பொருள்களுள் மக்கள் எதனை விரும்புவர் என ஆராயவும், கணினி பல விடைகளைத் தரவரிசைப்படுத்தவும் இன்று பயன்படுகிறது. மேற்படிப்புப் படிக்கும் நம் பிள்ளைகள் இதனை வேறு பெயரில் வகுப்பறையில் சந்திப்பர்.

ஒரு கற்பனைப் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். குதிரைகள் எட்டு, மூன்று இடங்களுக்குப் பணம் உண்டு. பேவரிட்டின் வாய்ப்பு நூற்றுக்கு 40. அடுத்ததற்கு 20. பின்னர் இரண்டு குதிரைகளுக்குத் தலைக்கு 10. எஞ்சிய நான்கிற்குத் தலைக்கு 5. கூட்டினால் 100.

நம் பேவரிட் இரண்டாவதாக வர எத்தனை வழிகள்? முதலில், 20 உடைய குதிரை வென்றதாகக் கொள்வோம். அது நீங்கினால் எஞ்சியது 80. அதில் நம்முடையது 40, அதாவது சரிபாதி. 20-இல் பாதி 10. அடுத்து, 10 உடைய குதிரை ஒன்று வென்றால் எஞ்சியது 90. 10-ஐ 40-ஆல் பெருக்கி 90-ஆல் வகுக்க 4.44, அத்தகைய குதிரைகள் இரண்டாதலின் 8.89. பின்னர், 5 உடைய குதிரை வென்றால் எஞ்சியது 95, அவ்வாறே 2.105, நான்கு குதிரைகளுக்கு 8.42. மூன்றையும் கூட்டினால் 27.31. ஆகவே பேவரிட் இரண்டாவதாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு 27-க்குச் சற்று மேல்.

மூன்றாம் இடத்திற்குப் பொறுமை வேண்டும். முன்னே வரும் இரு குதிரைகளை வரிசை மாறாமல் தேர்ந்தால் 7 பெருக்கல் 6, ஆக 42 வழிகள். 20 உடையது முதலிலும் 10 உடைய ஒன்று அடுத்தும் வந்தால், 20-ஐ 10/80-ஆலும் பின் 40/70-ஆலும் பெருக்குக, 1.43 வரும். இவ்வாறே நாற்பத்திரண்டையும் கண்டு கூட்டினால் 16.90 கிடைக்கும். பள்ளிப் பிள்ளையிடம் ஒரு தாளும் அரைமணி நேரமும் தந்தால் செய்து முடிப்பான். எட்டுக் குதிரைகளுக்கும் மூன்றிட வாய்ப்பைத் தனித்தனியே கண்டு கூட்டினால் 300 வரவேண்டும். வாராவிடில் எங்கோ பிழை. விடையைச் சரிபார்க்க இது நல்ல உரைகல்.

இனி மூன்றையும் சேர்க்க: 40, 27.3, 16.9, ஆக நூற்றுக்கு 84. பிளேஸ் கட்டுபவர் முகம் மலர்கிறது. "பார்த்தீர்களா, ஆறு பந்தயத்தில் ஐந்து நமக்கு!" என்கிறார்.

சற்றுப் பொறுக்க வேண்டும். இக்கணக்கில் ஒரு கருதுகோள் ஒளிந்திருக்கிறது. முதற்குதிரை கோட்டைக் கடந்தபின், எஞ்சியவற்றுக்குள் பந்தயம் புதிதாய்த் தொடங்குவதுபோல் இக்கணக்கு நினைக்கிறது. உண்மையில் பந்தயம் ஒன்றே. அது ஒருமுறைதான் ஓடப்படுகிறது. பேவரிட் முதலாவதாக வரவில்லை என்பது வெறுமனே ஓர் இடம் போயிற்று என்பதன்று; அக்குதிரையைப் பற்றி ஒரு செய்தி வந்திருக்கிறது என்பதாகும். இன்று அதற்கு ஏதோ சரியில்லை. புறப்பாட்டில் இடிபட்டிருக்கலாம், வேலியோரம் மற்றவற்றின் நடுவே அடைபட்டிருக்கலாம், உடல்நலம் குன்றியிருக்கலாம், கூட்டமே அதனை மிகையாக மதித்திருக்கலாம். காலையில் 40 பெற்ற குதிரை வேறு, தோற்றுவிட்டது என்று அறிந்தபின் நம் மனத்தில் நிற்க வேண்டிய குதிரை வேறு. அதற்குப் பழைய விகிதத்தையே தருவது, தேர்வுக்குக் காய்ச்சலோடு சென்ற மாணவனுக்கு அவனுடைய சென்ற ஆண்டு மதிப்பெண்ணை வைத்து இடம் கணிப்பதை ஒக்கும்.

செக்ரெடேரியட் என்னும் புகழ்பெற்ற அமெரிக்கக் குதிரையை எண்ணிப் பாருங்கள். அது ஓடியவை 21 பந்தயங்கள். வெற்றி 16, இரண்டாம் இடம் 3, மூன்றாம் இடம் 1. ஒரே ஒருமுறைதான் மூன்றிடத்திற்கு வெளியே, நான்காவதாக வந்தது. அது 1972-இல் ஓடிய முதற்பந்தயம். புறப்பட்ட உடனே மற்றொன்று வந்து மோதியதே காரணம். 1973 ஏப்ரலில் வுட் மெமோரியல் பந்தயத்தில், யாவரும் வெல்லும் என்றிருந்தபோது, அது மூன்றாவதாக வந்தது. வாயில் ஒரு சீழ்க்கட்டி இருந்தது பின்னர் வெளிப்பட்டது. இரு வாரங்களில் கென்டக்கி டெர்பியை வென்று காட்டியது. அதன் தோல்விகள் காரணமின்றி நேர்ந்தவை அல்ல. செக்ரெடேரியட் ஆதலால் கட்டியோடும் மூன்றாவதாக வந்தது. வியாழனன்றும் ஞாயிறன்றும் ஓடும் பேவரிட்டுகள் எல்லாம் செக்ரெடேரியட்டுகள் ஆகா.

இக்குறையை அறிஞர் பிறரும் கண்டனர். 1981-இல் ஹெனரி என்பாரும், 1990-இல் ஸ்டெர்ன் என்பாரும் ஓட்டநேரங்களின் பரவலைக்கொண்டு வேறு வகையில் கணித்தனர். ஹார்வில் முறை பேவரிட்டுக்கு இரண்டாம், மூன்றாம் இடங்களில் உள்ள வாய்ப்பை மிகையாகக் காட்டுகிறது என்பதே இவ்வழியில் ஆராய்ந்தோர் கண்ட முடிவு. நடைமுறையில் எளிய திருத்தம் ஒன்றை வில்லியம் பென்டர் என்பார் 1994-இல் வெளியிட்டார். ஹாங்காங் பந்தயங்களில் கணினிகொண்டு கணித்துப் பெரும்பொருள் ஈட்டியவர் அவர். இரண்டாம் இடத்தைக் கணிக்கையில் ஒவ்வொரு குதிரையின் வாய்ப்பையும் 0.81 என்னும் அடுக்கிற்கு உயர்த்துக, மூன்றாம் இடத்திற்கு 0.65 என்னும் அடுக்கிற்கு உயர்த்துக என்றார். அடுக்கு என்றதும் அஞ்ச வேண்டாம். அது செய்யும் வேலை, குதிரைகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வைக் குறைப்பதுதான். 40-க்கும் 5-க்கும் உள்ள விகிதம் எட்டு மடங்கு. இரண்டாம் இடத்துக் கணக்கில் அது 5.4 மடங்காகக் குறைகிறது. மூன்றாம் இடத்தில் 3.9 மடங்காகிறது. முதலிடத்தைத் தவறவிட்ட பேவரிட் தன் பெருமையில் ஒரு பகுதியை இழந்தே அடுத்த இடங்களுக்குப் போட்டியிடுகிறது என்பதை இவ்வெண்கள் சொல்கின்றன. அவை ஹாங்காங் பதிவுகளைக் கொண்டு கண்ட எண்கள். மகாலட்சுமிக்குச் சற்றே வேறாகலாம். திருத்தத்தின் திசை இதுதான் என்று கொள்வதில் தவறில்லை.

நம் எட்டுக்குதிரைப் பந்தயத்திற்கு இத்திருத்தத்தைச் செய்தால், இரண்டாம் இடம் 27.3-லிருந்து 23.1-க்கு இறங்குகிறது; மூன்றாம் இடம் 16.9-லிருந்து 13.9-க்கு இறங்குகிறது. முதலிடத்து 40-ஐயும் சேர்க்க, மொத்தம் 77. எண்பத்துநான்கு எழுபத்தேழாகிவிட்டது.

"ஏழுதானே குறைந்தது, அதற்காக இவ்வளவு நீட்ட வேண்டுமா?" என்று கேட்கலாம். வேண்டும். பேவரிட்டுக்குப் பிளேஸில் கிடைப்பது சொற்பம். 10 ரூபாய் கட்டினால் 12 ரூபாய் திரும்பி வருவதாகக் கொள்வோம். அதாவது வென்றால் ஆதாயம் 2 ரூபாய். தோற்றால் இழப்பு 10 ரூபாய். ஒரு தோல்வியை ஈடுகட்ட ஐந்து வெற்றிகள் வேண்டும். ஆறில் ஐந்து என்பது நூற்றுக்கு 83.3. ஹார்வில் தந்த 84 இக்கோட்டிற்கு ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. திருத்திய 77 தெளிவாகக் கீழே நிற்கிறது. நூறு பந்தயங்களில் பத்துப் பத்து ரூபாயாக ஆயிரம் ரூபாய் கட்டியவர், முதற்கணக்கின்படி 1,008 ரூபாயோடு வீடு திரும்புவார். இரண்டாவதன்படி 924 ரூபாயோடு திரும்புவார். எல்லா வழக்கும் அந்த ஏழு விழுக்காட்டுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

தாய்மார்கள் இவ்விடத்தை உற்றுக் கேட்க வேண்டும். வின் கட்டித் தோற்பவரைக் கண்டுபிடிப்பது எளிது. சம்பள உறை வெறுமையாய் வரும், முகம் வாடியிருக்கும், கேள்வியும் பிறக்கும். பிளேஸ் கட்டித் தோற்பவரை அவராலேயே கண்டுபிடிக்க இயலாது. நாலில் மூன்று முறைக்கு மேல் அவர் வெல்கிறார்! வெல்லும்போது நினைவில் நிற்கிறது. நாலாவது முறை தோற்கும்போது, "இன்று மழை, தரை சேறு" என்று ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. ஒரு நாளில் ஐந்து பந்தயங்கள் கட்டினால் ஐந்திலும் பிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 27-தான். அதாவது நாலு நாளில் மூன்று நாள் குறைந்தது ஒரு தோல்வியேனும் காத்திருக்கிறது. அந்த ஒன்று மற்ற நான்கின் ஆதாயமாகிய 8 ரூபாயையும் விழுங்கி, மேலே 2 ரூபாயும் கேட்கும். மாதம் 10,000 ரூபாய் இவ்வாறு கைமாறினால் சராசரியாக 760 ரூபாய் கசிகிறது. ஆண்டுக்கு 9,120 ரூபாய். ஒரே நாளில் போயிருந்தால் வீட்டில் பூகம்பம் எழுந்திருக்கும். மாதந்தோறும் கசிவதால் அரிசி விலைமேல் பழி விழுகிறது.

நேர்மையாகப் பேசவேண்டுமாதலின் எதிர்ப்பக்கத்துச் செய்தியையும் சொல்லிவிடுவோம். 1949-இலேயே கிரிஃபித் என்னும் உளவியலார், அமெரிக்கப் பந்தயங்களில் மக்கள் வெல்லவொண்ணாத குதிரைகளின்மேல் தகுதிக்கு மிஞ்சியும், பேவரிட்டின்மேல் தகுதிக்குக் குறைந்தும் பணம் கட்டுகிறார்கள் என்று காட்டினார். ஆகவே கூட்டம் 40 என்று மதிக்கும் குதிரையின் உண்மை வாய்ப்பு ஒருகால் 42 இருக்கலாம். ஹார்வில் கணக்கின் மிகையை இது ஓரளவு சமன்செய்யும். ஹவுஷ், சியெம்பா, ரூபின்ஸ்டைன் ஆகிய மூவரும் 1981-இல், பிளேஸ் தொகுப்புகளில் சிற்சில வேளைகளில் பேவரிட் தகுதிக்குக் குறைவாகவே மதிக்கப்படுகிறது என்று கண்டு, அதனைப் பயன்படுத்தும் முறையையும் வகுத்தனர். ஆனால் ஹாங்காங்கில் ஆராய்ந்தோர் அமெரிக்காவில் கண்ட இக்கோணலை அங்கே காணவில்லை. ஊருக்கு ஊர் கூட்டத்தின் குணம் மாறுகிறது. பொருள் ஈட்டியவர் யார் எனில், ஆயிரக்கணக்கான பந்தயப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, மிகுந்த முதலோடு, கட்டத்தகுந்த சில வேளைகளில் மட்டும் கட்டி, மற்றப் பொழுதெல்லாம் கைகட்டி இருந்தவரே. ஒவ்வொரு பந்தயத்திலும் கட்டியாகவேண்டும் என்று துடிப்பவர் அவ்வினத்தைச் சேர்ந்தவரல்லர்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் தாயகமாகிய தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-இல் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குதிரைப் பந்தயம் பெரிதும் திறனைச் சார்ந்த விளையாட்டு, வெறும் சூது அன்று என 1996-இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. பிளேஸ் கட்டுவோர் இத்தீர்ப்பைத் தமக்குச் சான்றாகக் காட்டுவதைக் கேட்டிருக்கிறோம். திறன் உண்டு என்றுதான் தீர்ப்புச் சொன்னது. அத்திறன் பணம் கட்டும் ஒவ்வொருவரிடமும் உண்டு என்று சொல்லவில்லை. நாற்பத்திரண்டு வழிகளையும் கூட்டிப் பார்க்காதவர் எந்தத் திறனைச் சுட்டுகிறார் என்பது நமக்கு விளங்கவில்லை. வரியோ வேறு கதை. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது பந்தயத்திற்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காடாயிற்று. நாம் மேலே கண்ட 83.3 என்னும் கோடு வரியைச் சேர்க்காமல் போட்ட கோடு. வரியைச் சேர்த்தால் அது எங்கே ஏறும் என்று வீட்டில் போட்டுப் பார்க்கலாம்.

இந்நாட்டுப் பந்தயத் திடல்களில் வழங்கும் ஒரு பந்தயத்தைச் சொல்லாமல் விடுவது முறையன்று. 'எஸ்.எச்.பி.' என்று சுருக்கமாக வழங்கும் அது, இரண்டாவதாக வரும் குதிரையைக் குறிப்பது. முதலாவதாக வந்தாலும் பணம் இல்லை! பேவரிட்டை இதில் கட்டுவோர் உண்டு. நம் கற்பனைப் பந்தயத்தில் அவர்களுடைய வாய்ப்பு 27 அன்று, 23 என்பதை முன்னரே கண்டோம். முதல் மூன்றையும் வரிசை மாறாமல் சொல்லவேண்டிய 'டனாலா' என்பதிலோ, ஒரு கணக்கின் மிகை அடுத்ததன்மேல் ஏறி நிற்கும். கூட்டம் மிக விரும்பும் மூன்று குதிரைகளை அடுக்கிக் கட்டுவோர் அவ்வரிசைக்கு உரிய வாய்ப்பை மிகையாக மதிப்பிடுகின்றனர் என்று சொல்லி மேலே செல்வோம்.

இதுவரை சொன்னவற்றை நம் சொல்லுக்காக ஏற்க வேண்டியதில்லை. இளந்தோழர்கள் ஒரு குறிப்பேடு வாங்கட்டும். ஒரு காசும் கட்ட வேண்டாம். திடலுக்கும் போக வேண்டாம். இப்பருவம் முழுதும் செய்தித்தாளில் வரும் பந்தய முடிவுகளைப் பார்த்து, எட்டும் அதற்கு மேலும் குதிரைகள் ஓடிய பந்தயங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பேவரிட் முதலாவதாக வந்தவை எத்தனை, இரண்டாவதாக எத்தனை, மூன்றாவதாக எத்தனை, மூன்றிலும் வாராதவை எத்தனை என்று நான்கு பத்திகளில் கோடிட்டு வரட்டும். ஐந்தாம் பத்தியில் பிளேஸுக்குக் கொடுத்த தொகையை எழுதட்டும். பந்தயத்திற்கு முன் பேவரிட் எது என்பதைக் குறிக்க வேண்டுமேயன்றி, முடிவைக் கண்டபின் குறிக்கலாகாது. கட்டுபவரின் நினைவு ஏமாறுவது அங்கேதான். இருநூறு பந்தயங்கள் சேர்ந்தால் ஓரளவு நம்பத்தக்க எண் கிடைக்கும். மகாலட்சுமிக்கு உரிய எண் 84-ஐ ஒட்டி நிற்கிறதா, 77-ஐ ஒட்டி நிற்கிறதா, இரண்டிற்கும் கீழே கிடக்கிறதா என்று அடுத்த ஆண்டு மலரில் அவர்களே எழுதட்டும். மலர்க்குழுவினர் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கித் தருவதாக இசைந்திருக்கிறார்கள்.